வயலை நம்பிய பள்ளியும் நூலை நம்பிய பள்ளியும்

பெரியவர்களுக்கும், அம்மாமாருக்கும், முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கும் மாணவியருக்கும் வணக்கம்.

நாகர்கோவில் டதி பெண்கள் பள்ளியின் வரலாற்றைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். 1819-ல் பிறந்தது, லண்டன் மிஷன் பள்ளி, மார்த்தா மால்ட் அம்மையார் வளர்த்தார், இருநூறு ஆண்டு தாண்டிவிட்டது என்பதெல்லாம் ஆண்டு விழா மலரிலேயே இருக்கும். வெளியிலிருந்து சிலர் வந்து கல்வி கொடுத்தார்கள், நம் பெண்பிள்ளைகள் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்கள் என்றுதான் அந்தக் கதை முடியும். எனக்கு அது போதவில்லை. அந்தப் பிள்ளைகளும் அந்தப் பள்ளிக்குச் சோறு போட்டார்கள் என்று நான் நினைக்கிறேன், அதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

அன்றைய நிலைமை கொஞ்சம் தெரிய வேண்டும். இந்த ஊர் அப்போது திருவிதாங்கூர் ராஜ்யம். 1806-ல் லண்டன் மிஷனின் ரிங்கல்தௌபே ஐயர் வந்து (அன்றைக்கு மிஷன் பாதிரிமாரை ஐயர் என்றுதான் சொல்வார்கள்), இங்கே முதலில் கிறிஸ்தவரான மகாராசன் வேதமாணிக்கத்தின் ஊரான மயிலாடியில் காலூன்றி, 1809-ல் அங்கே ஒரு ஆலயம் கட்டியிருந்தார். அவர் போன பிறகு 1818-ல் மீட் ஐயர் நாகர்கோவிலுக்கு வந்தார். ராஜ்யத்தை ஆண்டது ராணி கௌரி பார்வதி பாய். 1815-ல் பொறுப்பேற்றபோது அவருக்குப் பதின்மூன்று வயதுதான், இங்கே உட்கார்ந்திருக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வயது. கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று 1817-ல் உத்தரவு போட்டது அவருடைய ஆட்சிதான். மிஷனுக்கு அந்த அரசு 5000 ரூபாய் கொடுத்தது, அதில் வயல் வாங்கினார்கள், அந்த வயல் வருமானம் ஆண்பிள்ளைகள் படித்த செமினரிக்குப் போனது. இன்றைய ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியின் வேர் அதுதான்.

சரி, பெண்பிள்ளைகளின் பள்ளிக்கு?

அங்கே சிக்கலே வேறு மாதிரி. பெண்பிள்ளையைக் காலையில் அனுப்பிவிட்டு மாலையில் கூட்டிக்கொண்டு போகிற வீடுகள் அன்றைக்கு மிகக் குறைவு. பனையேறும் குடும்பமென்றால் பதநீர் காய்ச்சுகிற வேலை பெண்களுடையது, அடுப்புக்கு விறகு பொறுக்குவதிலிருந்து கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது வரை மூத்த பெண்பிள்ளையின் தலையில்தான் விழும். அடிமைக் குடும்பத்துப் பிள்ளையென்றால் அவளை அனுப்புகிற உரிமை பெற்றவளுக்கே கிடையாது, நிலத்துக்குச் சொந்தக்காரன்தான் அவளுக்கும் சொந்தக்காரன். அதனால்தான் மீட் ஐயரின் மனைவி ஜொஹன்னாவும் மால்ட் ஐயரின் மனைவி மார்த்தாவும் பிள்ளைகளைத் தங்கவைத்தே படிப்பிக்க வேண்டியிருந்தது. தங்கவைத்தால் சோறு வேண்டும், துணி வேண்டும், எண்ணெய் வேண்டும், இதற்கெல்லாம் பணம் வேண்டும்.

ஒரு பகுதி இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கிருக்கும் ஒரு குடும்பமோ சபையோ ஒரு பிள்ளையின் ஆண்டுச் செலவை ஏற்கும், பதிலுக்கு அந்தப் பிள்ளைக்கு அவர்கள் சொல்லும் பெயரை வைப்பார்கள். அக்கால மிஷன் பள்ளிகளில் இது சாதாரண வழக்கம். கொடுத்தவர்களின் மனம் நல்ல மனம்தான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனாலும் ஒரு பிள்ளை தன் அம்மா கூப்பிட்ட பெயரைப் பள்ளி வாசலில் விட்டுவிட்டு, முகம் தெரியாத ஒரு சீமாட்டியின் பெயரோடு உள்ளே போனாள் என்பது எனக்கு வலிக்கிறது. அவர்களில் பலருடைய சொந்தப் பெயரை இன்று எந்தக் காகிதத்திலும் தேடி எடுக்க முடியாது.

இன்னொரு பகுதி லேஸிலிருந்து வந்தது. இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

1820-களின் தொடக்கத்தில் மார்த்தா மால்ட் லேஸ் பின்ன சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். லேஸ் என்றதும் கொக்கி ஊசி வைத்துப் பின்னுவதை நினைத்துவிடாதீர்கள், இது திண்டு லேஸ். இறுக்கமாக அடைத்த ஒரு திண்டு, அதன் மேல் துளையிட்ட காகிதம், அந்தத் துளைகள்தான் டிசைன். நூல் சுற்றிய சின்னச் சின்ன மரக்குச்சிகள் ஜோடி ஜோடியாகத் தொங்கும். கைக்கு இரண்டே அசைவுதான்: நடுவில் இருக்கும் இரண்டு நூலை ஒன்றின் மேல் ஒன்று மாற்றிப்போடுவது, அப்புறம் ஜோடியைத் தனக்குள்ளேயே முறுக்குவது. மாற்றிப்போடு, முறுக்கு, குண்டூசி குத்து, இழுத்துப் பிடி. இவ்வளவுதான், ஆனால் அகலமான லேஸுக்கு எத்தனையோ ஜோடிக் குச்சிகள் ஒரே திண்டில் தொங்கும், எந்த ஜோடி எங்கே நிற்கிறது என்பது தலைக்குள் இருக்க வேண்டும், ஒன்று தப்பினால் அந்த இடம் வரைக்கும் பிரித்துத்தான் ஆக வேண்டும். நூல் வெள்ளை, கையில் வியர்வையோ அழுக்கோ இருந்தால் போச்சு. கணக்கும் பொறுமையும் சேர்ந்த வேலை இது. நேற்றுவரை விறகு பொறுக்கிய, சேற்றில் நாற்று நட்ட விரல்கள் இதைக் கற்றுக்கொண்டன.

அந்த லேஸை ஐரோப்பியக் குடும்பங்கள் வாங்கின, கப்பலேறி வெளியூருக்கும் போனது. விற்ற காசு பள்ளி நடக்க உதவியது, பிள்ளைகளுக்கும் ஒரு பங்கு கிடைத்தது. சரி, இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அடிமைகளாகப் பிறந்த பெண்பிள்ளைகளில் சிலர் அந்தப் பங்கைச் சேர்த்துவைத்துத் தங்கள் எஜமானுக்கு விலை கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்டார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை முழுமையாக ஒழிந்தது 1855-ல். சட்டம் வருவதற்கு முன்பே, யாரும் கொடுக்காத விடுதலையை, இந்தப் பிள்ளைகள் நூலைத் திரித்துத் தங்களுக்குத் தாங்களே வாங்கிக்கொண்டார்கள். நம் ஊர்ச் சரித்திரத்தில் இதைவிடப் பெரிய காரியம் எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை.

படிக்கிற வயதுப் பிள்ளைகளை இப்படி வேலை வாங்கலாமா என்று நீங்கள் கேட்பீர்கள், கேட்கத்தான் வேண்டும். இன்றைக்கு எந்தப் பள்ளியாவது செய்தால் நான் முதல் ஆளாக எதிர்ப்பேன். அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு முன்னால் இருந்த வேறு வழி என்ன என்பதையும் சேர்த்துப் பார்த்துவிட்டுத்தான் நான் மார்த்தாவின் பக்கம் நிற்கிறேன்.

அடுத்தது ரவிக்கை. மாராப்பு போடக் கூடாது என்று வைக்கப்பட்டிருந்த நாடார் முதலான சாதிப் பெண்கள் இந்தப் பள்ளிக்கூடங்களில் தையல் கற்றார்கள், குப்பாயம் என்கிற ரவிக்கையைத் தைத்துப் போட்டுக்கொண்டார்கள். போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனால் மேல்சாதிக்காரர்கள் கிழித்தார்கள். 1822-ல் தொடங்கிய கலகம் அடங்கி அடங்கி மறுபடி எழுந்தது. 1829-ல் அரசு குப்பாயத்தை மட்டும் அனுமதித்து, மேல்சாதிப் பெண்களைப் போல மேலாடை போடுவதைத் தடுத்தது. 1858-ல் மறுபடி வெடித்து, 1859 ஜூலையில்தான் உத்திரம் திருநாள் மகாராஜா நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம் என்று அறிவித்தார். அதிலும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டிருந்தது. தோள்சீலைப் போராட்டம் என்று நாம் படிக்கிறோம், மகாராஜா பெயரும், அழுத்தம் கொடுத்த மெட்ராஸ் கவர்னர் ட்ரெவெல்யன் பெயரும் பாடப்புத்தகத்தில் வரும். ரவிக்கையைத் தைத்தவள், அதைப் போட்டுக்கொண்டு சந்தைக்கு நடந்தவள் பெயர் வராது.

மால்ட் தம்பதியின் மகள் எலைசா 1822-ல் பிறந்தாள். நாகர்கோவில் பிள்ளைகளோடு வளர்ந்ததால் தமிழ் அவளுக்குத் தாய்மொழி மாதிரி. 1844-ல் கால்டுவெல்லைக் கல்யாணம் செய்து இடையன்குடிக்குப் போனாள், அங்கே பெண்பிள்ளைகளுக்குத் தங்கும் பள்ளி தொடங்கினாள், லேஸும் கூடவே போனது. ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லை எல்லாருக்கும் தெரியும். அந்தத் தேரி மணலில் பெண்பிள்ளைகளை உட்காரவைத்து எழுத்து சொல்லிக்கொடுத்த எலைசாவுக்கு நாம் இன்னும் கொஞ்சம் இடம் கொடுக்கலாம்.

பிற்பாடு டதி ஐயர் குடும்பத்தின் காலம் வந்தது, அந்தப் பெயர் பள்ளிக்கு நிலைத்தது. இங்கே படித்த பெண்கள் ஆசிரியைகளாகவும், வீடு வீடாகப் போய் வேதம் சொல்லிக்கொடுக்கும் பைபிள் உமன்களாகவும் கிராமம் கிராமமாகப் போனார்கள். நல்ல கிறிஸ்தவ மனைவிகளை உருவாக்குவதுதான் மிஷனின் முதல் எண்ணம் என்பதையும் மறைக்க வேண்டாம். ஆனால் வாசிக்கத் தெரிந்தவள் வேதத்தோடு நிறுத்திக்கொள்வாளா? கடிதம் வாசித்தாள், பத்திரம் வாசித்தாள், தன் மகளையும் பள்ளிக்கு அனுப்பினாள்.

கடைசியாக மாணவியருக்கு ஒரு வேலை சொல்லிவிட்டு இறங்குகிறேன். மக்களே, உங்கள் பாட்டிமார் லேஸ் பின்னியிருந்தால் அவர்களிடம் போய் உட்காருங்கள். திண்டோ குச்சியோ வீட்டில் கிடந்தால் தூக்கிப் போட விடாதீர்கள், பள்ளிக்குக் கொண்டுவாருங்கள். உங்கள் ஊர்ச் சபையில் பழைய ஞானஸ்நானப் பதிவேடும் கல்யாணப் பதிவேடும் இருந்தால், குருவானவரிடம் அனுமதி வாங்கி, அதிலுள்ள பெண்களின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். பெயர், ஊர், அப்பா அம்மா பெயர், எந்த ஆண்டு. பூச்சி அரித்த பக்கமென்றால் போனில் படம் எடுத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு விழா மலரில் ஸ்தாபகர்களின் படத்துக்கு அடுத்த பக்கத்தில் அந்தப் பெயர்களை அச்சிட வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறேன், சரி என்று சொல்லியிருக்கிறார்.