சுவரில் வந்து நின்ற மலை

எல்லோருக்கும் வணக்கம்.

ஒரு முதியவரைப் பற்றிச் சொல்லி ஆரம்பிக்கிறேன். பெயர் சோங் பிங். சீனாவில் 375-இல் பிறந்து 443-இல் மறைந்தவர். அரசு வேலைக்குப் பலமுறை கூப்பிட்டார்கள், அவர் போகவில்லை. மலை மலையாகச் சுற்றிக்கொண்டிருந்தார். வயதாகி, உடம்பு முடியாமல் போனதும் வீட்டுக்குத் திரும்பினார். இனி ஏற முடியாது என்று தெரிந்துவிட்டது. என்ன செய்தார் தெரியுமா? தான் நடந்து திரிந்த மலைகளை அறைச் சுவரில் வரைந்தார். படுத்த படுக்கையாக அவற்றில் பயணம் போனார். அதோடு விடவில்லை. நரம்புக் கருவியை எடுத்து வாசித்தார். சுவரில் இருக்கும் மலைகள் அத்தனையும் எதிரொலிக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

இதை முதலில் படித்த அன்று என்னால் மேலே படிக்க முடியவில்லை. அந்த மனிதருடைய ஏக்கம் என் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அவருக்கு அறுநூறு ஆண்டு கழித்து வந்தவர் குவோ ஷீ. சீனாவை ஆண்ட சோங் வம்சத்துப் பேரரசர் ஷென்சோங்கின் அரண்மனை ஓவியர். தலைநகர் கைஃபெங், சமவெளியில் நெரிசலாக விரிந்த பெரிய நகரம். குவோ ஷீ சொன்னவற்றை அவருடைய மகன் எழுதி வைத்தார். அதன் தொடக்கத்திலேயே ஒரு கேள்வி வருகிறது: நல்ல மனிதர்களுக்கு மலையும் நீரும் ஏன் இவ்வளவு பிடிக்கின்றன? ஊரின் இரைச்சலிலும் கட்டுகளிலும் மனம் சலித்துப்போகிறது. மூடுபனிக்கும் ஓடைக்கும் ஏங்குகிறது. சரி, கிளம்பிப் போய்விடலாமே? முடியாது. பெற்றோர் இருக்கிறார்கள், அரசர் இருக்கிறார், பொறுப்புகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் உதறிவிட்டுப் போவது முறையல்ல. அப்படிப்பட்டவருக்கு, உட்கார்ந்த பாயைவிட்டு எழாமலேயே அருவியும் பள்ளத்தாக்கும் கண்முன் வர வேண்டும். ஓவியம் அதற்குத்தான் என்கிறார்.

என் அம்மா படுக்கையில் இருந்த இரண்டு வருடம் நான் ஊரைத் தாண்டவில்லை. அதனால் இந்தப் பகுதியைப் படிக்கும்போது யாரோ என் தோளில் கை வைத்ததுபோல இருந்தது. போக முடியாதவர்களைக் குவோ ஷீ குறை சொல்லவில்லை. அவர்களுக்காகவே தூரிகையை எடுக்கிறார்.

கற்பனை நிலக்காட்சி என்றால் உண்மையைவிட்டு ஓடுவது என்று பலர் நினைக்கிறார்கள். குவோ ஷீ சொல்வது வேறு. மலைகளில் சில நடந்து கடக்க, சில நின்று பார்க்க, சில உலாவ, சில குடியிருக்க. பின் இரண்டும்தான் உயர்ந்தவை என்கிறார். ஆனால் நூற்றுக்கணக்கான கல் தூரம் பரந்த நிலத்தில்கூட, உலாவவும் குடியிருக்கவும் தக்க இடம் பத்தில் மூன்று நான்குகூடத் தேறாதாம். ஓவியர் தேடிப் பொறுக்க வேண்டியது அந்த இடங்களைத்தான். ஏங்குகிறவருக்கு வேண்டியதும் அதுதான். இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் பார்த்ததில்லை.

எப்படி வரைவார் என்பதையும் மகன் எழுதியிருக்கிறார். வெளிச்சமான ஜன்னலோரம் உட்காருவார். மேசை சுத்தமாக இருக்கும். இரண்டு பக்கமும் ஊதுபத்திப் புகை. கையைக் கழுவுவார், மை அரைக்கும் கல்லையும் கழுவுவார், பெரிய விருந்தாளி ஒருவர் வரப்போகிற வீட்டைப்போல. மனம் அமைதியான பிறகுதான் தூரிகை.

அப்படி வரைந்தவற்றில் பெரும்பாலானவை போய்விட்டன. பேரரசர் மறைந்த பிறகு ரசனை மாறியது. படங்களைக் கழற்றிக் கிடங்கில் போட்டார்கள். வேலையாள் ஒருவர் மேசை துடைத்துக்கொண்டிருந்த பட்டுத்துணியைப் பார்த்தால், அது குவோ ஷீயின் ஓவியம்! 12-ஆம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்று இதைச் சொல்கிறது. எனக்கு இன்றும் ஆறவில்லை.

நல்லவேளை, 1072-இல் அவர் வரைந்த ‘இளவேனிலின் தொடக்கம்’ தப்பியது. தைபேயில் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பட்டின் மேல் மையும் மிக மெல்லிய வண்ணமும். உயரம் 158 செ.மீ., அகலம் 108 செ.மீ. அப்படியொரு மலை நிஜத்தில் எங்கும் கிடையாது. கீழே நின்று அண்ணாந்து பார்ப்பது, முன்னாலிருந்து பின்னால் எட்டிப் பார்ப்பது, சமமாகத் தொலைவு நோக்குவது என்று மூன்று பார்வைகளும் ஒரே துணியில் சேர்ந்திருக்கின்றன. நடந்து போகிறவர் கண்ணுக்கு மலை அப்படித்தானே மாறிக்கொண்டே வரும்?

இப்போது விளக்கை அணைக்கச் சொல்லி, படத்தைத் திரையில் போடப்போகிறோம். நான் பேசமாட்டேன். உச்சியைப் பார்க்க அவசரப்படாதீர்கள். கீழே இடது மூலையில் படகிலிருந்து இறங்கியவர்கள் இருக்கிறார்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண், கூட ஒரு நாய். அங்கிருந்து தொடங்குங்கள். நண்டுக் கொடுக்குபோல வளைந்த கிளைகளைத் தாண்டி மெதுவாக ஏறுங்கள். வலப்பக்கம் அருவி வரும். அதற்கு மேலே, பனிக்குள் கூரைகள் தெரியும். வேண்டுமட்டும் அங்கே உட்கார்ந்திருங்கள்.