விலைபோன பட்டம்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

'தோஃபேன்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு டால்பின் என்று பொருள். பிரான்சின் பட்டத்து இளவரசருக்கும் பல நூற்றாண்டுகள் இதுவே பெயர். கடல் பிராணியின் பெயர் அரண்மனைக்குள் நுழைந்தது ஒரு கிரய விவகாரத்தால்.

12-ஆம் நூற்றாண்டில், ஆல்ப்ஸ் மலைப்பக்கம் ஆண்ட ஒரு பிரபு குடும்பத்தில் தோஃபேன் என்ற பெயர் வழங்கிவந்தது. நாளடைவில் அது பட்டமாகி, அவர்கள் ஆண்ட சீமையே 'தோஃபினே' ஆனது. அந்த வம்சத்தின் கடைசி ஆள் இரண்டாம் உம்பேர். வாரிசு கிடையாது, கடனோ கழுத்துவரை. 1349-இல் சீமையைப் பிரெஞ்சு அரச குடும்பத்துக்கு விற்றுவிட்டுத் துறவு மடத்தில் சேர்ந்தார். நிலத்தோடு பட்டமும் கைமாறியது. முதலில் பெற்றவர் மன்னரின் பேரன் சார்ல்.

பட்டம் கிடைத்தவர்கள் எல்லாம் அரியணை ஏறிவிடவில்லை. 14-ஆம் லூயியின் மகன் 1661-இல் பிறந்து, அப்பா ஆண்டுகொண்டிருக்கும்போதே 1711-இல் பெரியம்மையில் இறந்தார். அடுத்த தோஃபேனான பேரனும், அவருக்குப் பின் ஐந்து வயதுக் கொள்ளுப்பேரனும் 1712-இல் தட்டம்மைக்குப் பலியானார்கள். நோய்க்கு மருந்தாக உடலிலிருந்து இரத்தத்தை வடிய விடுவதுதான் அன்றைய வைத்தியம். மிஞ்சியது இரண்டு வயதுத் தம்பி. அவனை மட்டும் செவிலித்தாய் மதாம் த வாந்ததூர் வைத்தியர்களின் கையில் கொடுக்காமல் தன்னிடமே வைத்துக்கொண்டார். அவன்தான் 15-ஆம் லூயி. அந்த அம்மையாரின் பிடிவாதத்துக்குப் பிரான்ஸ் சிலையே வைக்கலாம்!

இளவரசர்களின் பெயரால் பாரிசில் ஒரு சதுக்கம், மடகாஸ்கரில் ஒரு கோட்டை, கனடாவில் ஒரு ஊர் என்று வரைபடத்தில் இந்தச் சொல் பரவியது. 1830-இல் பட்டம் ஒழிந்தது, சொல் ஒழியவில்லை. மசித்த உருளைக்கிழங்கை வெண்ணெயும் முட்டையும் சேர்த்துக் கிண்டிய மாவில் பிசைந்து, உருட்டி எண்ணெயில் போட்டால் உப்பிப் பொன்னிறமாக வருமே, அது 'தோஃபின்' உருளைக்கிழங்கு; தோஃபேன் என்பதன் பெண்பால்தான் தோஃபின். நம் போண்டாவுக்குத் தூரத்துச் சொந்தம். மும்பையிலிருந்து கடல்நடு எண்ணெய்க் கிணறுகளுக்கு ஊழியர்களை ஏற்றிப் பறந்த பவன் ஹான்ஸ் நிறுவனத்தின் ஹெலிகாப்டர்களின் பெயரும் தோஃபேன்தான்.

இன்றைய பிரெஞ்சுப் பத்திரிகைகளில், தலைவர் தமக்குப் பின் யாரைக் கொண்டுவர நினைக்கிறாரோ அவர் 'தோஃபேன்'. பிரான்ஸ் அழகிப் போட்டியில் இரண்டாம் இடம் பெறும் பெண் 'முதல் தோஃபின்'. முடி சூடியவர் விலக நேர்ந்தால், இவரைத்தான் கூப்பிடுவார்கள்.

நன்றி, வணக்கம்.