முடிந்தும் வெளிவராத ஆட்டம்

நண்பர்களுக்கு வணக்கம்.

பூஜை போட்ட படம் பாதியில் நின்றுபோனால் நம் ஊரில் என்ன நடக்கும்? ‘அது மட்டும் வந்திருந்தா...’ என்று இருபது வருஷம் பேசுவோம். வீடியோ கேம் உலகிலும் அந்தப் பெருமூச்சு உண்டு. ஸ்டார் வார்ஸ் 1313 என்று ஒருவர் ஆரம்பித்தால், ஸ்கேல்பவுண்ட் என்று இன்னொருவர் தொடர்வார். மூன்றாமவர் சைலன்ட் ஹில்ஸ் என்று சொல்லிவிட்டு மௌனமாகிவிடுவார்.

எனக்கு இதில் ஒரு வழக்கு இருக்கிறது. நாம் தப்பான இடத்தில் அழுகிறோம். டிரெய்லருக்காக அழுகிறோம், செய்து முடித்த வேலைக்காக அழுவதில்லை. ஸ்டார் ஃபாக்ஸ் 2 என்ற ஆட்டம்தான் இதற்கு என் சாட்சி. அதற்கு முன் மற்ற இரண்டைப் பார்த்துவிடுவோம்.

சைலன்ட் ஹில்ஸையே எடுத்துக்கொள்வோம். 2014 ஆகஸ்ட் 12, ஜெர்மனியில் கேம்ஸ்காம் கண்காட்சி நேரம். பிளேஸ்டேஷன் 4-இல் ‘பி.டி.’ என்ற பெயரில் ஒரு இலவச ஆட்டம் வந்தது. தயாரித்தது 7780எஸ் ஸ்டூடியோ என்று போட்டிருந்தார்கள். அப்படி ஒரு நிறுவனமே கிடையாது. ஆட்டம் என்றால், ஒரு வீட்டின் நடைவழி, அவ்வளவுதான். நடந்து, ஒரு திருப்பம் திரும்பி, கதவைத் திறந்தால் மறுபடி அதே நடைவழிக்குள் வந்து நிற்பீர்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று மாறியிருக்கும். ரேடியோ பேசும். போன தடவை பூட்டியிருந்த குளியலறைக் கதவு இந்தத் தடவை கொஞ்சம் திறந்திருக்கும். புதிரை அவிழ்த்துக் கடைசிவரை போனவர்களுக்குத்தான் விஷயம் புரிந்தது: இது ஜப்பானிய கேம் நிறுவனமான கொனாமியின் சைலன்ட் ஹில் என்ற திகில் வரிசையில் அடுத்த ஆட்டத்துக்கு, அதாவது சைலன்ட் ஹில்ஸுக்கு, விளம்பரம். இயக்குவது பேர்பெற்ற கேம் படைப்பாளி ஹிடியோ கொஜிமா, கூடவே சினிமா இயக்குநர் கியெர்மோ டெல் டோரோ, நடிப்பது நார்மன் ரீடஸ்.

அடுத்த ஏப்ரலில் எல்லாம் முடிந்தது. கொனாமி திட்டத்தைக் கைவிட்டது. அதோடு விட்டார்களா? பி.டி.யையும் கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். காசு கொடுத்தாலும் கிடையாது. ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தவர் அழித்துவிட்டால் திரும்ப வாங்க வழியில்லை. பி.டி. ஏற்றிய பழைய பிளேஸ்டேஷன்களை ஆயிரம் டாலருக்கு மேல் விலை சொல்லி விற்றார்கள்.

சரி, நாம் இழந்தது என்ன? சைலன்ட் ஹில்ஸ் என்ற முழு ஆட்டத்தை நம்மில் யாரும் பார்த்ததில்லை. பார்த்தது ஒரு நடைவழி. அதை வைத்து மிச்ச வீட்டையெல்லாம் நம் மனசு கட்டிக்கொண்டது. மனசு கட்டும் வீட்டில் ஒழுகல் இருக்காது, பாருங்கள். உண்மையில் நம் கையிலிருந்து பிடுங்கப்பட்டது அந்த நடைவழிதான். அது முழுமையான ஒரு படைப்பு. கோபம் அதற்காக இருக்கட்டும்.

ஸ்டார் வார்ஸ் 1313-க்கும் இதே கதிதான். 2012 ஜூனில் ஒரு காட்சியைக் காட்டி எல்லோரையும் வாய்பிளக்க வைத்தார்கள். அக்டோபரில் டிஸ்னி, ஸ்டார் வார்ஸின் சொந்தக்காரரான லூகாஸ்ஃபிலிமை நாலு பில்லியன் டாலருக்கு மேல் கொடுத்து வாங்குவதாக அறிவித்தது. 2013 ஏப்ரலில் அதன் கேம் பிரிவான லூகாஸ்ஆர்ட்ஸில் கேம் தயாரிப்பையே மூடிவிட்டார்கள். ஆட்டம் நன்றாக வந்ததா இல்லையா என்பது அங்கே கேள்வியே இல்லை. முதலாளி மாறினார், கணக்கு மாறியது.

இப்போது நான் பேச வந்த ஆட்டத்துக்கு வருகிறேன்: ஸ்டார் ஃபாக்ஸ் 2.

1993-இல் சூப்பர் நின்டெண்டோ என்ற கன்சோலுக்கு, அதாவது டிவியில் மாட்டி ஆடும் பெட்டிக்கு, முதல் ஸ்டார் ஃபாக்ஸ் வந்தது. விண்கலச் சண்டை ஆட்டம். அந்தக் கன்சோலின் பிராசஸர் 3.58 மெகாஹெர்ட்ஸ்தான். முப்பரிமாணம் எல்லாம் அதன் சக்திக்கு மீறியது. அதனால் லண்டனைச் சேர்ந்த ஆர்கனாட் நிறுவனத்து ஆட்கள் சூப்பர் எஃப்எக்ஸ் என்று ஒரு சிப்பை வடிவமைத்து, அதைக் கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே, அதாவது ஆட்டம் பதிந்த, கன்சோலில் செருகும் அட்டைக்குள்ளேயே, வைத்தார்கள். கன்சோலைவிட கார்ட்ரிட்ஜ் வேகமாக ஓடியது! இரண்டாம் பாகத்துக்கு இன்னும் வலுவான சிப், 21 மெகாஹெர்ட்ஸ். தலைமைப் புரோகிராமர் டிலன் கத்பர்ட், அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பிரிட்டிஷ் இளைஞர். வேலை செய்தது கியோட்டோவில், மாரியோவைப் படைத்த நின்டெண்டோவின் ஷிகெரு மியாமோட்டோவின் மேற்பார்வையில்.

அவர்கள் செய்ததைக் கொஞ்சம் நுணுக்கமாகப் பாருங்கள். முதல் ஆட்டத்தில் விண்கலம் தண்டவாளத்தில் போவதுபோல முன்னே போகும், நாம் சுட வேண்டும். இரண்டாவதில் ஒரு வரைபடத்தைக் கொடுத்துவிட்டார்கள். எதிரி ஆண்ட்ராஸின் கப்பல்களும் ஏவுகணைகளும் நம் கிரகமான கார்னீரியாவை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். எதை முதலில் தடுப்பது என்பது உங்கள் முடிவு. ஒரு சண்டைக்குள் நுழைந்து அங்கே நேரத்தைக் கடத்தினால், வெளியே வரைபடத்தில் ஏவுகணை காத்திருக்காது, வந்து விழும். கார்னீரியாவின் சேதக் கணக்கு ஏறும். நூறு சதவீதம் தொட்டால் ஆட்டம் காலி. தரையில் இறங்கினால் கலம் இரண்டு கால் முளைத்து நடக்கும். 1995-இல் வீட்டு டிவியில், ஒரு பதினாறு பிட் கன்சோலில்!

அது முடிக்காமல் விட்ட ஆட்டமும் அல்ல. முடித்து, தரச் சோதனையையும் தாண்டிவிட்டோம் என்று கத்பர்டே சொல்லியிருக்கிறார். அப்புறம் ஏன் நிறுத்தினார்கள்? 1994 கடைசியில் ஜப்பானில் சேகா சாட்டர்ன், பிளேஸ்டேஷன் என்ற போட்டிக் கன்சோல்கள் வந்துவிட்டன. அவற்றின் பக்கத்தில் வைத்தால் இதன் முப்பரிமாணம் எளிமையாகத் தெரியும். நின்டெண்டோவின் அடுத்த கன்சோலான நின்டெண்டோ 64 வரப்போகிறது, முப்பரிமாணம் என்றால் இனி அதில்தான் என்று மக்கள் நினைக்க வேண்டும், பழையது குறுக்கே வரக்கூடாது என்பது மியாமோட்டோவின் எண்ணம். வியாபாரியாகப் பார்த்தால் நியாயம்தான். ஆனால் அந்த நின்டெண்டோ 64 ஜப்பானில் கடைக்கு வந்தது 1996 ஜூனில். நடுவில் தாராளமாக இதை விற்றிருக்கலாம்.

இதன் யோசனைகள் வீணாகவில்லை. 1997-இல் வந்த ஸ்டார் ஃபாக்ஸ் 64-இல் எல்லாப் பக்கமும் திரும்பிப் பறக்கும் சண்டையும், ஸ்டார் வுல்ஃப் என்ற எதிரணியும் இங்கிருந்து போனவைதான். மியூ, ஃபே என்ற இரண்டு பெண் விமானிகள் மட்டும் போகவில்லை. யோசனை பிழைத்துவிட்டதே, போதாதா என்று சிலர் கேட்பார்கள். எனக்குப் போதாது. அந்த வரைபடத்தின் பதற்றம் 64-இல் இல்லை.

நமக்கு இந்த ஆட்டம் தெரியவந்தது எப்படி? திருட்டு வழியில்தான். முடிவடையாத ஒரு பதிப்பு இணையத்தில் கசிந்தது. ரசிகர்கள் அதை ஒட்டுப்போட்டு, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து ஆடினார்கள். சட்டப்படி தவறு, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கசிவு இல்லாவிட்டால், இப்படி ஒன்று இருந்ததே பத்திரிகையில் வந்த நாலு படங்களோடு முடிந்திருக்கும்.

நின்டெண்டோ தன் பெட்டியைத் தானே திறந்தது 2017 செப்டம்பரில். சூப்பர் நின்டெண்டோவைச் சின்னதாக்கி 21 ஆட்டங்களோடு விற்றார்கள், அதில் ஒன்று ஸ்டார் ஃபாக்ஸ் 2. இருபத்திரண்டு வருஷம் கழித்து முடிந்த பதிப்பு மக்கள் கைக்கு வந்தது.

எப்படி இருந்தது? உண்மையைச் சொல்கிறேன். திணறித் திணறி ஓடுகிறது. சாதாரண நிலையில் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. இருபது வருஷமாக ரசிகர்கள் கனவு கண்ட காவியம் அது இல்லை. ஆனால் காலத்தை மீறி யோசித்த, விளிம்பில் கரடுமுரடான, நிஜமான ஒரு ஆட்டம். அதைக் குறை சொல்லக்கூட முடிகிறது என்பதே எனக்குப் பிடித்திருக்கிறது. சைலன்ட் ஹில்ஸை யாராவது குறை சொல்லிப் பாருங்கள், பார்க்கலாம்.

உங்களில் நின்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நின்டெண்டோவின் ஆன்லைன் சந்தா இருந்தால் ஸ்டார் ஃபாக்ஸ் 2 அதிலேயே கிடைக்கும், 2019 டிசம்பரில் சேர்த்துவிட்டார்கள். முதல் பத்து நிமிடம் படம் திணறுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். சாதாரண நிலையில் ஒரு முறை முடித்துவிட்டு, கடினமான நிலைக்குப் போங்கள். அங்கேதான் வரைபடம் உங்களை ஓட ஓட விரட்டும். விமானியாக மியூவைத் தேர்ந்தெடுங்கள்.

இனி கேள்விகள் கேட்கலாம்.