கிழக்கே கடற்கரைப் புறம்போக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

கடல் மட்டம் உயர்வதைப் பற்றிப் பேச முடியுமா என்று நிலையத்திலிருந்து கேட்டபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஒரு வீட்டுப் பத்திரம். புதுச்சேரிக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பம். என்னிடம் படித்த பையனின் வீடு. அவனுடைய பாட்டி, ஊருக்கே அவர் ஆயாதான், டிரங்குப் பெட்டியிலிருந்து பத்திரத்தை எடுத்து நீட்டினார். மடிப்பெல்லாம் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. நான்கெல்லை எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார். மேற்கே தெரு. வடக்கேயும் தெற்கேயும் பங்காளிகள் மனை. கிழக்கே கடற்கரைப் புறம்போக்கு.

“அந்தப் புறம்போக்கு எங்க இருக்குன்னு கொஞ்சம் காட்டுங்க வாத்தியாரே” என்றார்.

பின்வாசலுக்குப் போனோம். ஏழெட்டு அடியில் கருங்கல் குவியல். கல்லுக்கு அந்தப் பக்கம் தண்ணீர். அவ்வளவுதான். அவர் வாழ்க்கைப்பட்டு வந்த காலத்தில் வாசலிலிருந்து அலையைத் தொட நடக்க வேண்டுமாம், வெயில் நேரமாக இருந்தால் கால் சுட்டுப் போகுமாம்.

பள்ளியில் நான் பூகோளம் சொல்லிக்கொடுத்தவன். கணக்கிலிருந்து தொடங்கினால்தான் எனக்கு வசதி. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்களின் சராசரி மட்டம் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. ஒரு சாண் அளவு. போன நூற்றாண்டின் முதல் பாதியிலும் அதைத் தாண்டியும் ஆண்டுக்கு ஒன்றேகால் மில்லிமீட்டர் என்ற வேகத்தில் ஏறியது, 2006க்குப் பிறகு மூன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போய்விட்டது. பாதிக் காரணம் வெப்பம். காய்ச்சல் பார்க்கும் பழைய கருவியில் பாதரசம் சூடேறினால் மேலே ஏறுமே, அதேபோல் கடல் நீரும் சூடேறும்போது விரிகிறது. மீதியில் பெரும்பகுதி, நிலத்தின் மேல் கிடந்த பனி உருகி வந்து சேர்வது. கிரீன்லாந்து, அண்டார்டிகா, நம் இமயமலை எல்லாம் அதில் அடக்கம். மாணவர்கள் இந்த இடத்தில் வழக்கமாக ஒரு தப்புச் செய்வார்கள். வட துருவக் கடலில் மிதக்கும் பனி உருகினால் மட்டம் உயராது. டம்ளரில் மிதக்கும் ஐஸ் கரைந்து டம்ளர் வழிந்ததாக யாராவது பார்த்திருக்கிறீர்களா?

சரி, மூன்றரை மில்லிமீட்டர். பேனா எழுதும் கோட்டைவிடச் சில மடங்கு தடிமன், அவ்வளவுதான். அது எப்படி ஒரு குப்பத்தின் மணலை விழுங்கும்?

கரை செங்குத்தாக நிற்கும் சுவராக இருந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. மணற்கரையோ சரிவு. தரை சமமாக இல்லாத முற்றத்தில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிப் பாருங்கள், விரலளவு ஏறினாலே எவ்வளவு தூரம் பரவுகிறது! மணற்கரைக்கு ஒரு பொதுக் கணக்கு வைத்திருக்கிறார்கள். கடல் ஒரு பங்கு ஏறினால் கரை ஐம்பது முதல் நூறு பங்கு வரை உள்ளே போகும். எல்லா ஊருக்கும் இது பொருந்தாது என்று நிபுணர்களே சண்டை போடுகிறார்கள். ஆனாலும் தோராயமாக மனதில் வைத்துக்கொள்ளலாம். இப்போதைய வேகத்தில் ஆண்டுக்கு ஒரு சாண், ஒரு முழம் என்று கரை போகக்கூடும். அதுவும் ஆண்டுதோறும் சீராகப் போவதில்லை. பத்து ஆண்டு சும்மா இருந்துவிட்டு, ஒரு கார்த்திகை மாதப் புயலில் பத்து ஆண்டுக் கணக்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆயா வீட்டுக் கொல்லையை இந்தக் கணக்கு மட்டும் தின்றுவிடவில்லை. இப்போது எதற்கெடுத்தாலும் பருவநிலை மாற்றத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வது அதிகாரிகளுக்கும் பழகிவிட்டது, எங்களைப் போலப் பேச வருகிறவர்களுக்கும் பழகிவிட்டது. அதனால் மணலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசுகிறேன்.

நம் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் கிடப்பதில்லை, பயணம் போகிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம் முழுக்க நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே. மீனவர்கள் அதைத் தெண்டி என்பார்கள். ஐப்பசி வாக்கில் திரும்பி வடக்கிலிருந்து தெற்கே ஓடும், அது வன்னி. ஊருக்கு ஊர் சொல் கொஞ்சம் மாறும். வடக்கே போவது கூடுதல், தெற்கே திரும்புவது குறைவு. ஆண்டு முடிவில் கூட்டிக்கழித்துப் பார்த்தால் பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கு நோக்கி நகர்ந்திருக்கும். இதன் குறுக்கே கடலுக்குள் ஒரு சுவரை நீட்டினால் என்ன ஆகும்? தெற்கே மணல் தேங்கும். வடக்கே வர வேண்டிய மணல் வராது, இருப்பதை மட்டும் அலை எடுத்துக்கொண்டு போகும்.

இதற்கு ஆராய்ச்சி நிலையம் எதற்கு, மெரினாவுக்குப் போனால் போதும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகச் சுவர்கள் எழுந்த பிறகுதான் அதன் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா இவ்வளவு அகலமானது. நாம் சுண்டல் வாங்கிக்கொண்டு உட்காருகிறோமே, அந்த மணலில் ஒரு பங்கு ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் போயிருக்க வேண்டியது. அங்கே கரை கரைந்து, கல் கொட்டிக் கொட்டிச் சாலையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

புதுச்சேரியிலும் அதே கதை. 1980களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். தெற்கே சேரும் மணலை எடுத்து வடக்கே விட வேண்டும் என்பது திட்டத்திலேயே இருந்தது. அது ஒழுங்காக நடக்கவில்லை. சில ஆண்டுகளில் நகரத்தின் கடற்கரை காணாமல் போனது. காந்தி சிலைக்கு எதிரே மணல் இருந்தது என்று சொன்னால் தொண்ணூறுகளில் பிறந்த பிள்ளைகள் நம்பவில்லை, அவர்கள் பார்த்து வளர்ந்தது கருங்கல்லைத்தான். நகரத்துக்குக் கல் போட்டதும் அரிப்பு வடக்கே நகர்ந்து குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று போனது. அங்கேயும் கல் போட்டார்கள். அது தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டி தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று போய்க்கொண்டே இருந்தது.

பிறகு வந்தது தூண்டில் வளைவு. கரையிலிருந்து கடலுக்குள் தூண்டில் முள் போல வளைத்துக் கல் அடுக்குவது. ஒரு ஊருக்குப் போட்டால் அந்த ஊரில் மணல் நிற்கும், வடக்கே அடுத்த ஊரில் மணல் பறிபோகும். அடுத்த ஊர்க்காரர்கள் சாலையை மறித்து, தங்களுக்கும் தூண்டில் வளைவு வேண்டும் என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல என்னால் முடியாது, வீட்டுச் சுவரில் அலை அடிக்கும்போது யாரும் நீரோட்டப் படம் போட்டுக்கொண்டு உட்கார மாட்டார்கள். ஆனால் பெரிய சுவர் செய்ததையே இந்தச் சின்னச் சுவரும் சின்ன அளவில் செய்கிறது.

1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை வைத்து தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் கணக்கெடுத்தது. தமிழ்நாட்டுக் கரையில் 43 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவான நீளம் அரிப்பில் இருக்கிறது. புதுச்சேரியில் 56 விழுக்காடு. ஏற்கெனவே மணல் பற்றாக்குறையில் இருக்கும் இந்தக் கரையில்தான் இனிக் கடல் ஏறப்போகிறது. புகையை நன்றாகக் குறைத்தாலும் இந்த நூற்றாண்டு முடிவுக்குள் ஒன்று முதல் இரண்டு அடி வரை ஏறலாம் என்கிறார்கள். குறைக்காவிட்டால் மூன்றடி வரை.

கல் கொட்டினால் வீடு நிற்கிறதே, அப்புறம் என்ன என்று கேட்கலாம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். ஆயா வீட்டுத் திண்ணையில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. வீடு அவர்கள் தூங்குகிற இடம். பிழைப்பு நடந்தது அந்த மணலில். பெரிய வலை இழுக்க இருபது முப்பது பேர் கயிறு பிடித்துப் பின்னோக்கி நடக்க இடம் வேண்டும், கல்லின் மேல் நின்று எப்படி இழுப்பது? அந்த வலையே அந்த ஊரில் இப்போது கிடையாது. படகை இழுத்துப் போட, வலை காயவைக்க, பொத்தல் தைக்க, கருவாடு பரப்ப எல்லாவற்றுக்கும் அந்த மணல்தான். ஃபைபர் படகுகளைத் துறைமுகத்துப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள், கல்லில் உரசினால் ஒரே வாரத்தில் அடிப்பக்கம் போய்விடும்.

ஆண்கள் படகு இருக்கும் இடத்துக்கு மோட்டார் சைக்கிளில் போகிறார்கள். பெண்கள் பாடுதான் மோசம். முன்பு படகு வாசலுக்கு வரும், அங்கேயே ஏலம், கூடையில் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போய் விற்றுவிட்டு மத்தியானம் சோறு வடிக்க வந்துவிடுவார்கள். இப்போது விடியுமுன் நாலைந்து பேர் சேர்ந்து ஆட்டோ பிடித்துத் துறைமுகம் போக வேண்டும். பெரிய வியாபாரிகள் ஐஸ் வண்டியோடு நிற்கும் இடத்தில் இவர்கள் ஏலம் கேட்க வேண்டும். “ஆட்டோவுக்கும் ஐஸுக்கும் போக, கூடை வெயிட்டுதான் மிச்சம்” என்றார் ஆயாவின் மருமகள். அரிப்பால் ஏற்பட்ட இழப்பு என்று எழுதும்போது இடிந்த வீட்டை எழுதுகிறார்கள், போன தென்னையை எழுதுகிறார்கள். இந்த ஆட்டோக் காசை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. மணல்தான் புறம்போக்காயிற்றே, யாருக்கும் சொந்தமில்லாததை யார் இழக்க முடியும்?

குடிதண்ணீருக்கும் இதே கணக்குத்தான். கடலோர மணலில் நாலைந்து அடி தோண்டினால் இனிக்கிற தண்ணீர் வந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மழைநீர் எடை குறைவு, உப்புநீர் எடை அதிகம், அதனால் நல்ல தண்ணீர் மேலே மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு உப்பைத் தள்ளி வைத்திருக்கும். மேலே ஓர் அடி குறைந்தால் கீழே நாற்பதடி உப்பு ஏறிவரும். மோட்டார் போட்டு இறைத்தாலும் அந்த ஓர் அடி குறையும், கடல் உயர்ந்தாலும் குறையும். நாகப்பட்டினம் பக்கம் கடைமடை விவசாயிகள் நிலம் உவராகிவிட்டது என்று புலம்புவதில் இதற்கும் பங்கு உண்டு, காவிரியில் போதுமான தண்ணீர் வந்து உப்பைத் தள்ளாததற்கும் பங்கு உண்டு. வெள்ளக் காலத்தில் பிரச்சினை தலைகீழ். முகத்துவாரத்தில் கடல் ஏறி நின்றால் ஆற்றுநீர் வடிய வழியில்லாமல் ஊருக்குள் நிற்கும்.

வழியே இல்லையா என்றால், புதுச்சேரியிலேயே ஒன்றைச் செய்து பார்த்தார்கள். 2018இல் கடற்கரைச் சாலையின் வடக்கு முனைக்கு அருகே, தண்ணீருக்கடியில் ஆப்பு வடிவத்தில் ஒரு பெரிய எஃகு அமைப்பை இறக்கினார்கள். தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்பு. அலையின் வேகத்தை அது தணிக்கிறது, மணல் கரையில் தங்குகிறது. இப்போது அங்கே பிள்ளைகள் மணலில் ஓடுகிறார்கள், நானே பார்த்தேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் தலைமைச் செயலகத்துக்கு எதிரே திரும்பிய கடற்கரை குப்பங்களுக்கு எப்போது திரும்பும்? தெற்கே தேங்கும் மணலை வாரி வடக்கே விடுகிற பழைய வேலையை ஒழுங்காகச் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும் என்பது என் அபிப்பிராயம். அதற்குத் திறப்பு விழா நடத்த முடியாது, ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வேலை. அதனால்தானோ என்னவோ.

இன்னொன்று, கடற்கரையில் படரும் அடப்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் பிடித்து வைத்திருக்கும் மணல்மேடுகளை, அழகுபடுத்துகிறோம் என்று புல்டோசர் விட்டுச் சமப்படுத்தாமல் இருப்பது. இதற்குப் பணமே தேவையில்லை.

சட்டம் எதிர்த்திசையில் போகிறது. 2019இல் வந்த கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, மக்கள் நெருக்கம் அதிகமுள்ள கிராமப்புறங்களில் கட்டடம் கட்டக்கூடாத பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. அந்த 50 மீட்டரை அளப்பது உச்ச அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏற்றத்தின்போது தண்ணீர் எட்டும் மேல் எல்லையிலிருந்து. கோடோ நகர்ந்துகொண்டிருக்கிறது.

பத்திரத்துக்கு வருகிறேன். ஆயா அன்று அதை வெளியே எடுத்ததற்குக் காரணம் இருந்தது. வீட்டைப் பேரன் பெயருக்கு எழுதிவைக்க நினைத்தார். என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு பத்திர எழுத்தரிடம் போனோம். அவர் பழைய பத்திரத்தைப் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்துகொண்டே வந்தவர், நான்கெல்லையில் நிறுத்தினார். ஊர் நிலவரம் அவருக்கும் தெரியும் போல.

“கிழக்கே என்னம்மா போடட்டும்? பழையபடியே போட்டுடவா?”

ஆயா என் முகத்தைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

“பழையபடியே போடுப்பா” என்றார். “மணலு திரும்பி வந்தா, எங்க வாசல்னு தெரியணும் இல்ல?”

வணக்கம்.