தவணைக் கணக்கையும் எழுதிய கதைகள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அரங்கு நிறைந்த தமிழ்ச் சொந்தங்களே, அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்க நடுத்தர வர்க்கத்தின் வாழ்வை அந்நாட்டுப் புனைவுகள் உள்ளபடி காட்டுகின்றனவா, கரி பூசிக் காட்டுகின்றனவா என்பது நடுவர் நமக்குத் தந்த தலைப்பு. கரிதான் பூசுகின்றன என்று எதிரணித் தலைவர் முழங்கிவிட்டு அமர்ந்திருக்கிறார். 1940-இல் நூற்றுக்கு 44 குடும்பங்கள் சொந்த வீட்டில் இருந்தன, 1960-இல் அது 62 ஆனது. மக்கள் இப்படி மேலே ஏறிக்கொண்டிருந்த காலத்தில் எழுத்தாளர்கள் மட்டும் குடியையும் கள்ள உறவையும் மனமுறிவையும் எழுதித் தள்ளினார்கள் என்பது அவருடைய வாதம். அவர் சொன்ன எண்கள் சரியானவை. ஆனால் அந்த வீடுகளை மக்கள் எப்படி வாங்கினார்கள், என்ன விலை கொடுத்துக் காப்பாற்றினார்கள் என்பதை அவர் சொல்லவே இல்லை. அதைச் சொன்னவை கதைகள்.

இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் வீட்டுக் கடனுக்கு 1944-இல் வந்த சட்டத்தின் மூலம் அரசே உத்தரவாதம் தந்தது. நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் 1947-இல் தொடங்கிய லெவிட்டவுன் என்ற புறநகர்க் குடியிருப்பில் மட்டும் 17,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. வீட்டுக்குப் பின்னால் மாதத் தவணை வந்தது. ஃபிரிட்ஜுக்கு ஒரு தவணை, சலவை இயந்திரத்துக்கு ஒரு தவணை. விளம்பரப் படத்தில் ஃபிரிட்ஜ் பளபளக்கும். தவணைச் சீட்டு அதில் இருக்காது.

1949-இல் நியூயார்க்கில் மேடையேறிய ஆர்தர் மில்லரின் 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாடகமும் புனைவுதான். அதன் நாயகர் வில்லி லோமன், 63 வயது விற்பனைப் பிரதிநிதி. அவருடைய நினைவில் ஒரு பழைய காட்சி வருகிறது. பயணம் முடிந்து வீடு திரும்பியவர், 1,200 டாலருக்குச் சரக்கு விற்றதாக மனைவியிடம் பெருமை பேசுகிறார். லிண்டா உடனே பென்சிலை எடுத்துக் கமிஷனைக் கணக்கிடத் தொடங்குகிறார். பென்சிலைக் கண்டதும் வில்லியின் குரல் தாழ்கிறது, விற்பனை குறைகிறது, கடைசியில் மொத்தமே 200 டாலர் என்று வந்து நிற்கிறது. லிண்டா ஒரு சொல் கடிந்து பேசவில்லை. எழுபது டாலர் சொச்சம் கைக்கு வரும் என்கிறார். பிறகு கொடுக்க வேண்டியதைச் சொல்கிறார்: ஃபிரிட்ஜுக்கு இவ்வளவு, சலவை இயந்திரத்துக்கு 9 டாலர் 60 சென்ட், வாக்குவம் கிளீனருக்கு மூன்றரை டாலர். பதினைந்தாம் தேதிக்குள் ஏறக்குறைய 120 டாலர் வேண்டும்.

எதிரணித் தலைவர் அவர்களே, இதில் கரி எங்கே இருக்கிறது? கணவனின் மானத்தைக் காத்துக்கொண்டே கணக்கையும் சரியாக வைத்திருக்கும் ஒரு மனைவியை அல்லவா நான் பார்க்கிறேன்! நியூ ஜெர்சியின் இந்த அரங்கில் 30 ஆண்டுக் கடனில் வீடு வாங்கியவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். அந்தச் சமையலறைப் பேச்சு உங்களுக்கு அந்நியமாகவா கேட்கிறது? அதே வில்லி பிற்பாடு முதலாளி முன் நின்று, வாரம் 65 டாலர் போதும் என்கிறார், ஐம்பது என்கிறார், நாற்பதுக்கும் இறங்குகிறார். வேலை போகிறது. 20,000 டாலர் காப்பீட்டுத் தொகையாவது பிள்ளைக்குக் கிடைக்கட்டும் என்று உயிரை விடுகிறார். வீட்டின் கடைசித் தவணையை இன்று கட்டிவிட்டேன், இனிக் குடியிருக்க ஆளில்லை என்று கல்லறையின் முன் அழும் லிண்டாவைக் கண்டு நான் கலங்கியிருக்கிறேன். அந்தக் கண்ணீரை மில்லர் அந்த வர்க்கத்தின் மீது கொண்ட அன்பினால் எழுதினார் என்று உறுதியாக நம்புகிறேன்.

அடுத்து, எதிரணிச் சகோதரி ரிச்சர்ட் யேட்ஸின் 'ரெவல்யூஷனரி ரோடு' நாவலைச் சொன்னார். 1961-இல் வந்த நூல். புறநகர்வாசிகள் மூளையில்லாதவர்கள் என்று அந்த நாவல் இகழ்வதாகக் குற்றம் சாட்டினார். சகோதரி, அந்த இகழ்ச்சி நாவலில் இருக்கிறது. ஆனால் அது யாருடைய வாயில் இருக்கிறது? ஃபிராங்க் வீலரும் அவன் மனைவி ஏப்ரலும்தான் அண்டை வீட்டாரை மட்டமாகப் பேசுகிறார்கள். தாங்கள் மட்டும் தனிப் பிறவிகள், பாரிஸுக்குப் போய்விட்டால் வாழ்க்கை மலர்ந்துவிடும் என்று நம்புகிறார்கள். அப்பா வேலை பார்த்த அதே கம்பெனியில் தானும் குப்பை கொட்டுவதாகச் சொல்லிக்கொள்ளும் ஃபிராங்க், பதவி உயர்வு என்ற பேச்சு வந்ததும் பாரிஸை மெல்லக் கைவிடுகிறான். ஏப்ரலின் உயிரே போகிறது. பக்கத்து வீட்டுக்காரனைவிட நான் மேல் என்ற எண்ணம் ஒரு குடும்பத்தை எப்படித் தின்கிறது என்பதைத்தான் யேட்ஸ் எழுதினார். பாத்திரத்தின் வாய்ச்சொல்லை ஆசிரியரின் தீர்ப்பு என்று படித்தால் எந்த நாவலும் தப்பாது.

வளம் வந்ததை எழுதவே இல்லையாம்! ஜான் அப்டைக் என்ன செய்தார்? 1960, 1971, 1981, 1990 என ஏறக்குறைய பத்தாண்டுக்கு ஒரு நாவலாக, ஒரே மனிதனைப் பின்தொடர்ந்தார். பென்சில்வேனியாக்காரன் ஹாரி ஆங்ஸ்ட்ராம், பள்ளிக்கூடக் கூடைப்பந்து நாயகன். முதல் நாவலில் சமையலறைக் கருவி விற்கிறான். இரண்டாவதில் அச்சகத்தில் லைனோடைப் என்ற அச்சுக்கோப்பு இயந்திரத்தில் வேலை. புதிய அச்சு முறை வந்து அதைப் பறித்துவிடுகிறது. மூன்றாவதில் மாமனார் விட்டுச்சென்ற டொயோட்டா விற்பனை நிலையம். 1979-இன் எண்ணெய் நெருக்கடியில் நாடே பெட்ரோலுக்குத் தவிக்க, சிக்கனமான ஜப்பானியக் கார்கள் விற்று அவன் பணக்காரனாகிறான், அதை ரசித்து வாழ்கிறான். நான்காவதில் மகனின் போதைப் பழக்கமும் கையாடலும் சேர்ந்து டொயோட்டா உரிமம் கைவிட்டுப் போகிறது. ஏற்றமும் இருக்கிறது, இறக்கமும் இருக்கிறது. சம்பளம் வாங்கிப் பிழைக்கும் மனிதனின் முப்பது ஆண்டுகளை இவ்வளவு பொறுமையாகப் பார்த்த எழுத்து அபூர்வம்.

ஓர் இடத்தில் எதிரணியின் பக்கம் நியாயம் உண்டு. புறநகரை எழுதிய வெள்ளை எழுத்தாளர்களில் பலருக்குக் கறுப்பினக் குடும்பங்கள் கண்ணில் படவில்லை. லெவிட்டவுனின் ஒப்பந்தத்திலேயே வெள்ளையர் மட்டும் என்ற விதி இருந்தது. அதைக் கேள்வி கேட்ட கதைகள் குறைவு. ஆனால் அந்தக் குறையைத் தீர்த்து வைத்ததும் புனைவுதான். லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் 'எ ரெய்சின் இன் தி சன்' 1959-இல் நியூயார்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயில் அரங்கேறியது. சிகாகோவில் நெருக்கடியான வாடகை வீட்டில் வாழும் யங்கர் குடும்பத்துக்கு, இறந்த தந்தையின் காப்பீடாக 10,000 டாலர் வருகிறது. தாய் 3,500 டாலரை முன்பணமாகக் கட்டி வெள்ளையர் பகுதியில் வீடு வாங்குகிறார். ஏன் அங்கே? கறுப்பினத்தவருக்கென்று தொலைவில் கட்டும் வீடுகளின் விலை இரண்டு மடங்காக இருக்கிறது என்கிறார். எதிரணியின் புள்ளிவிவரத்தில் விடுபட்ட காரணம் ஒரு தாயின் பேச்சில் வந்துவிடுகிறது. குடியேறும் முன்பே அப்பகுதிச் சங்கத்தின் பிரதிநிதி ஒருவர் வந்து, நீங்கள் வர வேண்டாம், பணம் தருகிறோம் என்று மரியாதையாகப் பேரம் பேசுகிறார்.

இது கற்பனையின் மிகையா? ஹான்ஸ்பெரியின் தந்தை 1937-இல் சிகாகோவின் வெள்ளையர் பகுதியில் வீடு வாங்கியவர். அவர்களை வெளியேற்றத் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1940-இல் தீர்ப்பு குடும்பத்துக்குச் சாதகமாக வந்தது; ஆனாலும் வெள்ளையர் மட்டும் என்ற ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று அதே உச்ச நீதிமன்றம் சொல்ல 1948 வரை ஆனது. மகள் கண்ணால் கண்டதை மேடையில் வைத்தாள். அந்த நாடகத்தில் கரி என்று எந்த வரியை அழிக்க வேண்டும் என்பதை அடுத்துப் பேசவரும் எதிரணி நண்பர் இந்த அவைக்குச் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.