கடைசி டவுன் பஸ்

எல்லாருக்கும் வணக்கம். ஆச்சிமார், அண்ணன்மார், பின்னால் தூணில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் உட்பட. காரைக்குடிப் பக்கத்து ஊர்களில் முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான், அதனால் ஒரு கணக்கோடு ஆரம்பிக்கிறேன்.

பத்தாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ் நாலரைக்கு ஆரம்பித்து ஆறரைக்கு முடியும். உள்ளே தள்ளி இருக்கிற கிராமத்துக்குக் கடைசி டவுன் பஸ் ஐந்தே முக்காலுக்கு. அதைப் பிடிக்க ஐந்தரைக்கே பையைத் தூக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் போச்சு, வாரத்துக்கு ஐந்து, முப்பது வாரத்துக்கு 150 மணி நேரம். ரிசல்ட் வந்ததும் டவுனில் இருக்கிற பிள்ளைக்கு நல்ல மூளை, கிராமத்துப் பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்று நாமே தீர்ப்பும் எழுதிவிடுகிறோம்.

நானும் எழுதியிருக்கிறேன். பாதி வகுப்பில் எழுந்து போகிற ஒரு பெண்ணின் ரேங்க் கார்டில் "அக்கறை போதாது" என்று சிவப்பு மையில் எழுதினேன். அவள் ஊருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன அன்றைக்குத்தான், சாப்பிட்டுவிட்டுத் திரும்ப பஸ் இல்லாமல் இருட்டில் நடந்தபோதுதான், எனக்கு விஷயம் புரிந்தது. அதற்குள் அவள் படிப்பை விட்டிருந்தாள்.

அரசாங்கத்தை நான் குறை சொல்லவில்லை. 2022இல் இருந்து காலைச் சிற்றுண்டி வந்திருக்கிறது, பஸ் பாஸும் இலவசம், 2020இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் ஒதுக்கினார்கள். ஆனால் அந்த இடத்துக்கு நீட் எழுத வேண்டும், அதற்கு பிளஸ் ஒன்னில் உயிரியல் கிடைக்க வேண்டும், அது கிடைக்கப் பத்தாம் வகுப்பில் மார்க் வேண்டும், மார்க்குக்கு அந்த ஐந்தரை மணிக்கு மேல் நடத்துகிற பாடம் வேண்டும். பஸ் பாஸ் கையில் இருக்கிறது, பஸ்தான் இல்லை!

நம்ம கோட்டையூர் வள்ளல் அழகப்பச் செட்டியாரை எடுத்துக்கொள்ளுங்கள். படிக்கிறவன் மெட்ராஸ் போய்ப் படித்துக்கொள்ளட்டும் என்று அவர் விட்டுவிடவில்லை. 1947இல் இந்த வறண்ட பூமியிலேயே கல்லூரி கட்டினார். மின்வேதியியல் ஆய்வகம் இங்கே வர வேண்டும் என்று 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார், 1948இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். அவர் காசு கொடுத்துக் குறைத்தது தூரத்தை.

நாம் இப்போது என்ன செய்கிறோம்? ஆண்டு விழாவில் முதல் மார்க் வாங்கியவனுக்கு வெள்ளிக் கோப்பை கொடுக்கிறோம். கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவனுக்கு டியூஷன், தனி அறை, கேட்டால் சொல்லிக்கொடுக்க அம்மா எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. அந்தக் கோப்பைக் காசை ஐந்தே முக்கால் பஸ்ஸுக்கு ஓடுகிற பிள்ளைகளுக்கு ஷேர் ஆட்டோ வைக்கக் கொடுத்தால் என்ன? தொழில் லாபத்தில் தர்மத்துக்கென்று மகமை எடுத்து வைத்த ஊர் இது, இதையெல்லாம் நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

அப்புறம் வீடுகள். வருஷத்துக்கு இரண்டு தடவை திறக்கிற வீடுகளுக்கு இங்கே பஞ்சமா? கிராமத்திலேயே அப்படி ஒரு வீட்டின் பட்டாலையை, அந்தக் கூடத்தை, மாலையில் மூன்று மணி நேரம் திறந்துவிடுங்கள், நாலு லைட், இரண்டு ஃபேன் போதும். பாடம் நடத்த என்னை மாதிரி ரிட்டயரான ஆட்கள் வருவோம், வீட்டில் சும்மா உட்கார்ந்து ஆச்சியிடம் திட்டு வாங்குவதற்கு இது தேவலை. தேக்குத் தூணில் பிள்ளைகள் கிறுக்கிவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு, சரி, திண்ணை போதும்.

ஐந்தரைக்குக் கிளம்புகிற பிள்ளைகள் எந்தெந்த ஊர், எத்தனை பேர் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் வாசலில்தான் நிற்பேன், வேன் வைத்திருக்கிறவர்கள் மட்டும் முதலில் வந்து பாருங்கள்.