எந்த ஊர் ஆங்கிலம், நடுவர் அவர்களே?

நடுவர் அவர்களுக்கும், கடலூர் மஞ்சக்குப்பத்துப் புழுக்கத்திலும் எழுந்து போகாமல் அமர்ந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம். 'ஆங்கிலம் பேசும்போது நம் ஊர் வாடை வீசுவது குறையா, இயல்பா?' இதுதான் தலைப்பு. இயல்பே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய சகோதரி, ஆங்கிலத்தை ஆங்கிலேயனைப் போலவே பேச வேண்டும் என்று சொல்லிக் கைதட்டலும் வாங்கிவிட்டார். எந்த ஆங்கிலேயனைப் போல அம்மா?

லண்டனில் பஸ் என்றால் பஸ். அதையே வடக்கே லீட்ஸிலும் மான்செஸ்டரிலும் 'புஸ்' என்பார்கள். நான் அப்படிச் சொல்லியிருந்தால் என் வீட்டிலேயே சிரித்திருப்பார்கள். லிவர்பூல் பேச்சுக்கு 'ஸ்கௌஸ்' என்று பெயர். அது மாலுமிகள் சாப்பிட்ட ஒரு குழம்பின் பெயர்! பத்தொன்பதாம் நூற்றாண்டில் பஞ்சத்துக்குத் தப்பி வந்த அயர்லாந்துக்காரர்களின் நாக்கும் அந்தப் பேச்சில் கலந்திருக்கிறது. நம் முதுநகர்த் துறைமுகத்து ஆங்கிலத்துக்கு யாராவது மீன்குழம்பு என்று பெயர் வைத்தால் சண்டைக்குப் போவோம். அவர்கள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

அடுத்த குற்றச்சாட்டு, 'கார்' என்று சொல்லும்போது கடைசி 'ர்'ரை நாம் உருட்டுகிறோமாம். லண்டனில் அதை விழுங்கிவிடுவார்களாம். உண்மைதான். ஆனால் ஸ்காட்லாந்துக்காரரும் அயர்லாந்துக்காரரும் விழுங்குவதில்லையே! அமெரிக்காவில் நடந்தது இன்னும் வேடிக்கை. வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளர் 1962இல் நியூயார்க்கில் மூன்று பெரிய கடைகளுக்குப் போனார். ஒன்று பணக்காரர்களுக்கானது, ஒன்று நடுத்தரம், ஒன்று மலிவு. நான்காவது மாடியில் இருக்கும் சரக்கு எங்கே என்று விற்பனையாளர்களிடம் தெரியாதவர்போலக் கேட்டார். 'ஃபோர்த் ஃப்ளோர்' என்று பதில் வரும். காது கேளாதவர்போல மறுபடியும் சொல்ல வைப்பார். பிறகு ஓரமாகப் போய், 'ர்' ஒலித்ததா இல்லையா என்று குறித்துக்கொள்வார். பணக்காரக் கடையில் 'ர்' கூடுதலாக ஒலித்தது, மலிவுக் கடையில் மிகக் குறைவு. அதாவது லண்டனில் 'ர்'ரை விழுங்கினால் கனவான், நியூயார்க்கில் விழுங்கினால் ஏழை! குற்றம் அந்த எழுத்தின் மீதா, பேசுகிறவரின் சட்டைப்பையின் மீதா?

பேச்சில் ஊர் வாடை வீசினால் மட்டமாகப் பார்க்கும் இந்த நோயில் இங்கிலாந்தே படுத்த நாடுதான். போர்க்காலத்தில், 1941இல், பிபிசி வானொலியில் வில்ஃப்ரெட் பிக்கிள்ஸ் என்ற யார்க்‌ஷர்க்காரர் தம் ஊர் ஒலியோடு செய்தி வாசித்தபோது முகம் சுளித்தவர்கள் வெளிநாட்டார் அல்லர்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். திராட்சைக் கொடியும் அதிலிருந்து வடிக்கும் மதுவும் ஆங்கிலத்தில் வெவ்வேறு ஒலியில் தொடங்குகின்றன. நம் வாயில் இரண்டுமே 'வைன்'. பொருள் மாறிப்போகுமே என்று எதிரணியினர் பதறினார்கள். இங்கிருந்து இருபது சொச்சம் கிலோமீட்டர் பாண்டிச்சேரி. அங்கே கடையில் போய் 'வைன்' என்று கேட்டவருக்கு யாராவது கொடியைப் பிடுங்கிக் கொடுத்ததுண்டா? கூட்டத்தில் அனுபவசாலிகள் சிரிக்கிறார்கள். தனிச்சொல்லாகக் கேட்டால்தான் அந்தக் குழப்பம். பேச்சின் நடுவே இடம் பார்த்துக் காது பிரித்துக்கொள்ளும்.

கடைசியாக நம் ஊருக்கு வருகிறேன். 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி இங்குள்ள தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கியது. வாங்கிய இடத்தின் பெயரையாவது ஒழுங்காகச் சொன்னார்களா? கடலூரைத் தங்கள் நாக்குக்கு வளைத்து அவர்கள் எழுதிவைத்த எழுத்துகள்தாம் இன்றும் ரயில் நிலையப் பலகையில் இருக்கின்றன. அதைப் படித்துவிட்டு வெளியூர்க்காரர்கள் 'கட்டலோர்' என்று இறங்குகிறார்கள். அதற்காக நாம் யாருக்காவது உச்சரிப்பு வகுப்பு நடத்தினோமா? திருப்பாதிரிப்புலியூரை நாமே திருப்பாப்புலியூர் ஆக்கியவர்கள் என்பது வேறு கதை.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். அடுத்து எழுந்து வரும் எதிரணித் தலைவர் பஸ்ஸா, புஸ்ஸா என்று சொல்லிவிட்டு வாதத்தைத் தொடங்கட்டும். வணக்கம்.